இரண்டு ஆண்டுகளாக ஒரே நீளத்தில் நிற்கும் முடி: வளர்ச்சியே நின்றுவிட்டதா?

தேன்சிட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இடுப்பைத் தொடும் அளவுக்கு முடி வளர்க்க வேண்டும் என்பது பள்ளி நாள்களிலிருந்தே எனக்குள்ள ஆசை. இப்போது எனக்கு 29 வயது. உச்சந்தலையிலிருந்து நுனி வரை அளந்தால் 45 செ.மீ. இருக்கிறது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அளந்தபோதும் இதே 45தான் இருந்தது. இத்தனைக்கும் இந்த இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் கத்தரிக்கோலைத் தலைப்பக்கம் கொண்டுபோனதில்லை. நுனி மட்டும் மெலிந்துகொண்டே வந்து, பின்னல் போட்டால் கடைசி ஒரு சாண் எலிவால் போலத் தொங்குகிறது.

என் வழக்கத்தை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். தவறு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். வாரத்துக்கு இருமுறை தலைக்குக் குளிக்கிறேன். முதல் நாள் இரவே உச்சி முதல் நுனி வரை எண்ணெய் தடவி ஊறவிட்டு, மறுநாள் காலையில் அந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க இரண்டு முறை ஷாம்பு போடுகிறேன். கண்டிஷனர் போட்டால் முடி கொட்டும் என்று கேள்விப்பட்டதால் அதைத் தொடுவதில்லை. குளித்து முடித்ததும் துவாலையால் அழுத்தித் துவட்டி, ஈரத்தோடு உச்சியிலிருந்து சீவிச் சிக்கெடுத்து, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஹேர் டிரையரால் உலர்த்தி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் குதிரைவால் போட்டுக்கொள்வேன். பதினான்கு மாதங்களுக்கு முன் முடி முழுவதையும் ப்ளீச் செய்து பழுப்புச் சாயம் ஏற்றினேன். அதன் பிறகு சாயம் எதுவும் போடவில்லை. ஆறு மாதமாகப் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரையும் சாப்பிட்டு வருகிறேன்.

ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று ஒரு நீளம் பிறவியிலேயே அமைந்திருக்கிறது, உன்னுடையது முடிந்துவிட்டது என்கிறாள் என் தோழி. மாதாமாதம் நுனியை வெட்டினால் வேகமாக வளரும் என்கிறார் அத்தை. எண்ணெயை மாற்றச் சொல்லாதவர்கள் யாருமில்லை. உண்மையிலேயே என் முடி வளர்வதை நிறுத்திவிட்டதா, இல்லை நான்தான் எங்கோ தவறு செய்கிறேனா? எந்த எண்ணெய் போட்டால் மறுபடி வளரத் தொடங்கும்?


இழைநோக்கி எழுதியது:

வணக்கம், தேன்சிட்டு அவர்களே. முடிப் பராமரிப்புப் பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்த எண்ணெய் என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, முடி வளரவில்லையா அல்லது வளர்ந்தது நிலைக்கவில்லையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இவற்றுக்கான மருந்து முற்றிலும் வேறு வேறு.

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.25 செ.மீ. வளர்கிறது. ஆண்டுக்கு 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மயிர்க்காலும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை இடைவிடாமல் முடியை வளர்த்துவிட்டு, இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கி, பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வெடுக்கிறது; அந்த ஓய்வின் முடிவில் பழைய முடி உதிர்ந்து அதே இடத்தில் புதியது தொடங்குகிறது. நலமாக உள்ள தலையில் எந்த நேரத்திலும் 85 முதல் 90 விழுக்காடு முடி வளரும் பருவத்தில்தான் இருக்கும். ஆகவே உங்கள் தோழி சொல்வதில் பாதி உண்மை உண்டு: ஒரு முடி எத்தனை ஆண்டு வளர்கிறதோ அதற்கு மேல் அது நீள முடியாது. இரண்டு ஆண்டு மட்டுமே வளரும் முடி 30 செ.மீ.யோடு நின்றுவிடும், ஆறு ஆண்டு வளரும் முடி 90 செ.மீ. வரை போகும்.

உலகிலேயே மிக நீளமான கூந்தல் என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்ற சீனப் பெண்மணி ஷீ சியூபிங் 1973இல், தம் 13ஆம் வயதில், முடி வளர்க்கத் தொடங்கினார். 2004 மே 8 அன்று அளந்தபோது 5.627 மீட்டர் இருந்தது. இதை 31 ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்குச் சுமார் 18 செ.மீ.தான் வருகிறது, தொடக்கத்தில் இருந்த நீளத்தைக் கழித்தால் இன்னும் குறையும். வேகத்தில் அவருக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பல பத்தாண்டுகள் உதிராமலும் அறுந்துபோகாமலும் அந்த முடி நின்றதுதான் அதிசயம்.

உங்கள் நிலையைக் கண்டறிய ஒரு வழி இருக்கிறது. மூன்று நாள் சீப்பிலும் தரையிலும் குளியலறை வடிகாலிலும் சேரும் முடியையெல்லாம் எடுத்து ஒரு வெள்ளைத்தாளில் பரப்புங்கள். ஒரு முனையில் மிகச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது காலம் முடிந்து வேரோடு உதிர்ந்த முடி. இரு முனையிலும் குமிழ் இல்லையென்றால் அது நடுவில் அறுந்த துண்டு. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு; அறுந்த துண்டுகள் நிறைய இருப்பது இயல்பன்று. குமிழ் உள்ளவை முழு நீளத்தில் இருந்து, துண்டுகள் அரிதாக இருந்தால் தோழி சொன்னது சரி. துண்டுகள்தான் குவிகின்றன என்றால் உங்கள் முடி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, வளர்ந்த அளவுக்குக் கீழே அறுந்துகொண்டும் இருக்கிறது.


பின்னல்காரி எழுதியது:

இழைநோக்கி அவர்கள் சொன்ன சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அதைவிட உறுதியான சான்று உங்கள் தலையிலேயே இருப்பதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன், தோழி. பதினான்கு மாதங்களுக்கு முன் முடி முழுவதற்கும் சாயம் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அன்றைக்குப் பிறகு வளர்ந்த பகுதி கறுப்பாகவும், அதற்கு முன்பிருந்த பகுதி பழுப்பாகவும் இருக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று, வகிட்டிலிருந்து அந்தக் கறுப்பு முடியும் கோடு வரை அளந்து பாருங்கள். அங்கே 15 செ.மீ.க்கு மேல் இருந்தால் வளர்ச்சியைப் பற்றிய கவலையை இன்றே விட்டுவிடலாம்.

என் முடி பத்து ஆண்டுகளாக இடுப்புக்குக் கீழே இருக்கிறது. அதற்கு முன் நானும் உங்களைப் போலவே எட்டு வகை எண்ணெயும் நான்கு வகை மாத்திரையும் மாற்றி மாற்றிப் பார்த்தவள்தான். வேரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நுனி போய்விடும் என்பது புரிந்த பிறகுதான் நீளம் வந்தது. 60 செ.மீ. கூந்தலின் நுனிக்கு நான்கு வயது. வாரம் இருமுறை என்ற கணக்கில் அது நானூறு முறைக்கு மேல் ஷாம்புவைக் கண்டிருக்கிறது. அத்தனை நாளும் சீப்பையும் வெயிலையும் சட்டைக் காலரின் உராய்வையும் தாங்கியிருக்கிறது. தோலில் கீறல் விழுந்தால் ஆறும்; முடி உயிரற்ற பொருள், அதில் விழுந்த கீறல் ஆறாது. நான்கு ஆண்டுத் துணி ஒன்றை எப்படிக் கையாள்வோமோ அப்படித்தான் நுனியைக் கையாள வேண்டும்.

உங்கள் வழக்கத்தில் எனக்கு முதலில் உறுத்துவது ஈரத்தோடு உச்சியிலிருந்து சீவுவது. ஈரமான முடி நீர் குடித்துத் தடித்து, ரப்பரைப் போல இழுபடும். வலு குறைந்திருக்கும் அந்த நேரத்தில் சீப்பை உச்சியில் வைத்துக் கீழே இழுத்தால், வழியிலுள்ள சிக்குகளெல்லாம் நுனியில் போய் ஒரே முடிச்சாகச் சேரும், அந்த முடிச்சோடு முடியும் அறும். நான் பல் அகன்ற சீப்பை நுனியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் தொடங்கி, அங்கே சிக்கு நீங்கிய பிறகு இன்னும் நான்கு விரல் மேலே போய், இப்படிப் படிப்படியாக உச்சியை அடைவேன். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டால் வேரில் இழுப்பு விழாது. இதற்கு எனக்குப் பத்து நிமிடம் ஆகும். பொறுமை இல்லாத நாளில் நான் சீவுவதே இல்லை, பின்னலைக் கலைக்காமல் விட்டுவிடுவேன். ஒரு நாளைக்கு நூறு முறை சீவினால் முடி செழிக்கும் என்ற பழைய அறிவுரையைப் போல நீளக் கூந்தலுக்குக் கேடு செய்தது வேறொன்று இல்லை என்பது என் கருத்து.

துவாலையால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, பழைய பருத்திச் சட்டையில் முடியைச் சுற்றி, நீரை அது உறிஞ்சும்வரை விட்டுவிடுங்கள். இரவில் தளர்ந்த பின்னல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். விரித்துவிட்டுத் தூங்கினால் தலையணை உறையோடு இரவு முழுவதும் உராயும். வழவழப்பான சாட்டின் உறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பின்னலே பாதி வேலையைச் செய்துவிடும். ரப்பர் பேண்டை மட்டும் தயவு செய்து தூக்கி எறியுங்கள். துணி சுற்றிய பட்டையோ முடி ஊசியோ போதும். நாள்தோறும் ஒரே இடத்தில் கட்டாமல் ஒரு நாள் தாழ்வாகவும் ஒரு நாள் கொண்டையாகவும் மாற்றிக்கொள்ளுங்கள்.


சுருள்முடி எழுதியது:

பின்னல்காரி அவர்கள் சொன்னதில் ஒன்றே ஒன்றில் எனக்கு மாறுபாடு உண்டு. ஈரத்தில் சீவக் கூடாது என்பது நேரான முடிக்கும் சற்றே வளைந்த முடிக்கும் பொருந்தும். என்னைப் போல நெருக்கமான சுருள் உள்ளவர்கள் காய்ந்த முடியைச் சீவினால்தான் அதிகம் அறும். கண்டிஷனர் வழுக்கிக்கொண்டிருக்கும்போதே விரலாலும் அகன்ற பல் சீப்பாலும் சிக்கெடுப்பதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு. படிப்பவர்களில் சுருள்முடிக்காரர்கள் இருந்தால் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு சொல். எண்ணெய் போட்டால் முடி வளரும் என்று நம்பி நானும் ஆண்டுக்கணக்கில் உச்சந்தலையில் ஊற்றிக்கொண்டிருந்தேன், கிடைத்தது பொடுகுதான். பொடுகில் பங்குள்ள மலசீசியா என்னும் பூஞ்சை நம் தோலில் சுரக்கும் கொழுப்பை உண்டு வாழ்வது, தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ள இயலாதது. அதற்கு எண்ணெய் ஊற்றுவது விருந்து வைப்பதற்குச் சமம். தோல் மருத்துவர், பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் கீட்டோகொனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை, நுரையை மூன்று முதல் ஐந்து நிமிடம் உச்சந்தலையில் விட்டுக் கழுவும்படி சொன்னார். சில வாரங்களில் அரிப்பு அடங்கியது. ஆகவே எண்ணெயே வேண்டாம் என்பது என் கட்சி.


இழைநோக்கி எழுதியது:

சுருள்முடி அவர்களின் அனுபவம் சரியானது, முடிவைத்தான் சற்றுத் திருத்த வேண்டும். எண்ணெய் வேருக்கு உணவாகாது. முடி வளரும் வேகத்தை அது கூட்டும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஆனால் தண்டுக்கு, அதாவது தோலுக்கு வெளியே உள்ள முடிக்கு, அது செய்யும் உதவி அளந்து பார்க்கப்பட்டது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், கழுவும்போது முடியிலிருந்து வெளியேறும் புரதத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. அது முடிக்குள் ஊடுருவுகிறது, மற்றவை பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடுகின்றன. உள்ளே எண்ணெய் இருந்தால் முடி குடிக்கும் நீரின் அளவு குறையும். ஒவ்வொரு குளியலிலும் தடித்து, காய்ந்ததும் சுருங்கி, மறுபடி தடித்து என்று முடி களைத்துப் போவதை அது தணிக்கிறது.

எனவே தேன்சிட்டு அவர்கள் எண்ணெயை விட வேண்டியதில்லை, இடத்தையும் அளவையும் மாற்றினால் போதும். காது மட்டத்திலிருந்து கீழே மட்டும், சில துளிகளே, குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு தடவுங்கள். இரவெல்லாம் வழிய வழிய ஊறவைப்பதால், அதைப் போக்க இருமுறை ஷாம்பு போட வேண்டியதாகிறது; எண்ணெய் கொடுத்ததை ஷாம்பு வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. ஷாம்பு உச்சந்தலைக்கானது. அங்கே மட்டும் விரல் நுனியால் தேய்த்தால், வழிந்து இறங்கும் நுரையே கீழ்ப்பகுதிக்குப் போதும்.

கண்டிஷனரால் முடி கொட்டும் என்று உங்களுக்குச் சொன்னவர் யாரோ, அவர்தான் இந்தக் கதையின் பெரிய குற்றவாளி என்று எனக்குத் தோன்றுகிறது. ப்ளீச்சில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு முடியின் நிறமியைச் சிதைக்கும்போது கூடவே இரண்டு சேதங்களைச் செய்கிறது: முடியின் புரதமான கெரட்டின் இழைகளைப் பிணைக்கும் கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதியை உடைக்கிறது; முடியின் மேற்பரப்பை மூடியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தையும் நீக்கிவிடுகிறது. அந்தப் படலம் போனால் முடி நீரைக் கூடுதலாக ஈர்க்கும், ஓடு வேய்ந்தது போலப் படிந்திருந்த செதில்கள் தூக்கிக்கொள்ளும், ஒன்றோடொன்று மாட்டிச் சிக்காகும். ப்ளீச் ஆன முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் மிகுதி. கண்டிஷனரின் மூலக்கூறுகள் நேர் மின்னூட்டம் கொண்டவை. ஆகவே எங்கே சேதம் அதிகமோ அங்கேதான் அது அதிகமாகப் போய் ஒட்டும். சேதத்தை அது குணமாக்காது. ஆனால் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும்படி செய்யும், அறுதலைத் தடுக்க அது போதும். கண்டிஷனர் போட்டுக் கழுவும்போது கையில் வரும் முடி, எப்படியும் அன்று உதிரவிருந்த முடிதான்.

ஹேர் டிரையரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை முற்றாக ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மணிக்கணக்கில் ஈரத்திலேயே இருப்பதும் முடிக்கு நல்லதன்று. சொட்டும் நீர் வடிந்த பிறகு, 15 செ.மீ. தொலைவில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். ஈர முடியின் மேல் கடும் சூட்டை ஓரிடத்தில் நிறுத்தினால் உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகி முடிக்குள் குமிழிகளை உண்டாக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் கொதித்த மாவு போல இருக்கும், அந்த இடத்தில் முடி ஒடியும். ஈரத் தலையில் ஸ்ட்ரெய்ட்னர் வைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.


தேன்சிட்டு எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அளப்பதற்கும் எண்ணுவதற்கும் அவ்வளவு நேரம் ஆயிற்று. வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வகிட்டிலிருந்து கறுப்பு முடியும் இடம் வரை மூன்று இடங்களில் அளந்தேன்: 17, 17, 16.5 செ.மீ. பதினான்கு மாதத்துக்கு இது சரியான கணக்கு என்று நீங்கள் எல்லோரும் சொல்லப்போகிறீர்கள். அப்படியானால் இதே காலத்தில் கீழே 17 செ.மீ. அறுந்து போயிருக்கிறது. கத்தரிக்கோலைத் தொடாதவள் என்று பெருமையாக எழுதியதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

மூன்று நாள் சேர்ந்த முடியில் குமிழ் உள்ளவை 160 இருந்தன. குமிழ் இல்லாத துண்டுகள் 90க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை 3 முதல் 12 செ.மீ. நீளமுள்ள பழுப்புத் துண்டுகள். ஆனால் பதினொரு இழைகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன: குமிழ் இல்லை, ஆனால் மிக நீளம்; ஒரு முனையில் நான்கைந்து செ.மீ. கறுப்பு, மீதியெல்லாம் பழுப்பு. கறுப்புப் பகுதி ப்ளீச் படாதது ஆயிற்றே, அது ஏன் அறுகிறது?

இன்னொரு கவலையும் சேர்ந்துவிட்டது. அளப்பதற்காகக் கண்ணாடியை நெருங்கிப் பார்த்தபோது, நெற்றிப் பொட்டுகளுக்கு மேலே முடி மெலிந்திருப்பது போலத் தெரிகிறது. இது முன்பே இருந்ததா, இப்போதுதான் கவனிக்கிறேனா என்று தெரியவில்லை. பயோட்டினைக் கூட்ட வேண்டுமா?


பின்னல்காரி எழுதியது:

அந்தப் பதினொன்றுக்கும் பதில் நீங்களே எழுதிவிட்டீர்கள். மொத்தக் கறுப்பு 17 செ.மீ.; அறுந்த இழையில் நான்கைந்து செ.மீ. கறுப்பு இருக்கிறதென்றால், வேரிலிருந்து 12, 13 செ.மீ. தொலைவில் அறுந்திருக்கிறது. அறுப்பது ரப்பர் பேண்டுதான்: குதிரைவால் போட்டுக்கொண்டு, முடி வேரிலிருந்து ரப்பர் பேண்டு வரை அளந்து பாருங்கள். 12க்கு முன்னே பின்னே வராவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.


வெண்ணிழல் எழுதியது:

தோல் மருத்துவத் துறையில் செவிலியராக இருக்கிறேன். நேரில் பார்க்காமல் நோய் சொல்வது என் வேலையன்று. ஆனால் சில தகவல்கள் உதவக்கூடும்.

பொட்டுகளுக்கு மேலே மெலிவது இறுக்கிக் கட்டுபவர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. வேர் தொடர்ந்து இழுபடும்போது முதலில் சிறு சிவப்பும் வலியும், பிறகு மெலிவும் வரும். இந்தக் கட்டத்தில் இறுக்கத்தை விட்டுவிட்டால் முடி திரும்ப வளரும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் மயிர்க்கால் தழும்பாகி, பிறகு எது செய்தாலும் வராது. கட்டிய பின் தலை வலித்தாலோ, அவிழ்த்ததும் அப்பாடா என்று இருந்தாலோ, அது இறுக்கம்தான், வேறு அளவுகோல் வேண்டாம்.

பயோட்டினைக் கூட்டாதீர்கள். வயதுவந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவை 30 மைக்ரோகிராம்; முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று நூறு மடங்குக்கும் மேலே இருக்கிறது. பயோட்டின் குறைபாடு மிக அரிது, குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்த்ததாக நல்ல சான்று இல்லை. அதைவிட முக்கியம், அது இரத்தப் பரிசோதனைகளைப் பிறழச் செய்யும். தைராய்டு அளவுகளும், மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் அளவும் தவறாக வரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. பரிசோதனைக்குப் போகும்போது இதைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் எண்ணிக்கையில் வேரோடு உதிர்ந்தவை நாளொன்றுக்கு ஐம்பத்துச் சொச்சம். அது இயல்புக்குள் இருக்கிறது. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, மகப்பேறு, திடீரெனப் பட்டினி கிடந்து எடை குறைத்தல் இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாக உதிர்வதுண்டு. காரணம் விலகியதும் பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும். உதிர்வு கூடினாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் பெரும்பாலும் தைராய்டையும், உடலில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்வார். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தாழ்ந்திருப்பது உண்டு. பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியை உதிர்க்கும் என்பதையும் முடி மாத்திரைப் பிரியர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.


தேன்சிட்டு எழுதியது:

பின்னல்காரி அக்கா, உங்கள் பெயர் தப்பித்தது: 12.5 செ.மீ.

ஒரே ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. கறுப்பு 17 போக, மீதி 28 செ.மீ. முழுவதும் ப்ளீச் பட்டது. அதை ஒரேயடியாக வெட்டிவிட வேண்டுமா? அப்படிச் செய்தால் முடி காதோடு நின்றுவிடும், அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அத்தை சொல்வது போல மாதாமாதம் வெட்ட வேண்டுமா?


இழைநோக்கி எழுதியது:

நுனியை வெட்டினால் முடி வேகமாக வளராது. வேருக்கு நுனியில் நடப்பது தெரியவே தெரியாது. ஆனால் வெடித்த நுனியை அப்படியே விட்டால் அந்தப் பிளவு மேலே ஏறிக்கொண்டே போகும், இன்று ஒரு செ.மீ. போயிருக்க வேண்டிய இடத்தில் பிறகு ஐந்து போகும். அத்தையின் காரணம் தவறு, செயலில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2 செ.மீ. வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதத்தில் 3.75 செ.மீ. வளரும், அறுதல் நின்றுவிட்டால் நிகரமாக 1.75 கூடும், ஆண்டுக்கு 7 செ.மீ. இந்தக் கணக்கில் ப்ளீச் பட்ட 28 செ.மீ. முழுவதும் நீங்க மூன்றரை ஆண்டு ஆகும். அப்போது உங்கள் முடி 70 செ.மீ.யை நெருங்கியிருக்கும், அத்தனையும் கறுப்பாக, அடி முதல் நுனி வரை ஒரே கனத்தில் இருக்கும். இவ்வளவு காலமாக மாதத்துக்கு 1.2 செ.மீ. கணக்கில் நீங்கள் அறியாமலே இழந்திருக்கிறீர்கள். நான் சொல்வது அதில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

வெட்டும் கத்தரிக்கோல் முடிக்கென்று உள்ள கூரானதாக இருக்கட்டும். மழுங்கிய கத்தரிக்கோல் முடியை நசுக்கி அறுக்கும். அந்த நுனி சில வாரங்களில் மறுபடி வெடிக்கும். இடையில் வெடித்த நுனி கண்ணில் பட்டால் வெடிப்புக்கு அரை செ.மீ. மேலே அந்த ஒரு முடியை மட்டும் வெட்டிவிடலாம். ஆனால் இது பழகிப்போனால் விடாது, ஜன்னலோரம் உட்கார்ந்து மணிக்கணக்கில் முடியைத் துழாவிக்கொண்டிருப்பீர்கள். என் மனைவியைச் சொல்கிறேன்.


பின்னல்காரி எழுதியது:

அதற்கு நானும் சாட்சி. மற்றபடி, நெற்றிப்பக்கம் புதிதாக முளைக்கும் குட்டை முடிகள் குத்திட்டு நிற்கும்போது அவற்றைப் படிய வைக்க இறுக்கிக் கட்டத் தோன்றும், தோழி. அப்படி நிற்பவை திரும்பி வருபவை. ஆறு மாதம் அப்படியே விட்டுவிடுங்கள்.


தேன்சிட்டு எழுதியது:

இன்று மாலை 2 செ.மீ. வெட்டியாயிற்று. எலிவால் சற்றுக் குட்டையான எலிவாலாகியிருக்கிறது. கண்டிஷனர் போட்டு, நுனியிலிருந்து சீவினேன். சீப்பில் குமிழ் இல்லாத துண்டுகள் ஏழு மட்டுமே இருந்தன. கறுப்புக் கோட்டின் இன்றைய அளவையும் தேதியையும் நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்து அளந்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.